ஒற்று

ஃப்ரிபூரில் சாக்கடைத் தண்ணீரின் பாரத்தில் ஒரு ரயில் ஓடுகிறது.
மேலே நிற்கும் பெட்டியின் வயிற்றில் நகரத்தின் கழிவை நிரப்புவார்கள்.
அது இறங்க, கீழே நிற்பது ஏறும்.
நடுவழியில் ஒரே இடத்தில் தண்டவாளம் இரண்டாகி
இரண்டையும் உரசாமல் விலக்கிவிடும்.
அங்கேதான் நான் எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
நாற்றத்துக்காக மட்டுமல்ல.

பையில் இரண்டு கடிதங்கள்.
ஒன்று மருத்துவ பீடம். தேர்வில் தேறியிருக்கிறேன், ஓர் இடம் உண்டு.
மற்றது ஒஸ்தியோபதி,
எலும்பையும் தசையையும் கையால் தடவி அறியும் படிப்பு.
இரண்டுக்கும் வெள்ளிக்குள் பதில்.

அம்மா கேட்டது ஒன்றுதான்:
“அதுக்கும் டொக்டர் எண்டு சொல்லுவினமோ?”
“இல்லையம்மா.”
“அப்ப பிறகென்ன?”
இரவு வேலைக்குச் சப்பாத்து நாடாவைக் கட்டியபடியே
விஷயத்தை முடித்துவிட்டார்.

எனக்கு முடியவில்லை.
நோயாளி பார்த்துச் சம்பாதிப்பதல்ல என் ஆசை.
என்னிடம் ஒரு கேள்வி இருக்கிறது,
அதை வைத்துக்கொண்டே கிழவியாக வேண்டும்.

மார்ச்சில், கல்லூரியின் திறந்த நாள்.
குப்புறப் படுத்திருந்த ஓர் ஓட்டக்காரரின் முதுகில்
இடுப்பின் நான்காம் முள்ளெலும்பைக் குறிக்கச் சொன்னார்கள்.
நான் பச்சை மையில். பக்கத்தில் லூக் ஷாசோ சிவப்பில்.
பயிற்றுநர் மதாம் ஏபிஷர்,
இருபத்திரண்டு வருடப் பழக்கமுள்ள விரல்கள், நீலத்தில்.
மூன்று புள்ளிகள். மூன்று இடங்கள்.
அவர் சிரித்தார், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தார்.
ஓட்டக்காரர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்,
எந்தப் புள்ளி சரியென்று ஒருவருக்கும் சொல்லாமல்.

விரல் அறிகிறதா, அறிந்ததாக நம்புகிறதா?
“கொஞ்சம் அளந்து பார்த்திருக்கிறார்கள்,” என்றார் ஏபிஷர்,
“விடை நமக்குச் சாதகமாக இல்லை.
மேலே அளக்கலாம். ஆனால் இங்கே ஆய்வு மானியம் என்பது
என் ஞாயிற்றுக்கிழமைகள்தான்.”

டொக்டர் ஒபெர்சோனின் அறையில் மானியம் இருந்தது,
மூன்று முனைவர் மாணவர்கள் இருந்தார்கள்,
நுண்ணோக்கியருகே யாரோ தவறாமல் நீரூற்றும் ஒரு செடி.
“நல்ல கேள்வி,” என்றார் சன்னலைப் பார்த்தபடி,
“இங்கே யாரும் கேட்பதில்லை.”
அந்தப் படிப்போடு வந்தால்
ஒருநாள் பேராசிரியர் இருக்கை கிடைக்குமா?
“கொள்கையளவில்,” என்றார்.
இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு
கதவைச் சத்தமில்லாமல் சாத்துவது என்று பொருள்.

கேள்வி ஒரு கட்டடத்தில், இருக்கை இன்னொன்றில்.
நடுவில் சரீன் ஆறுகூட இல்லை,
பத்து நிமிட நடை.

இதையெல்லாம் தர்ஷிகாவுக்கு எழுதினேன், ரயில் பிரியும் இடத்தில்:
“இரு கை இருந்தால் போதாதா எனக்கு?”
கைபேசி தானாகத் திருத்தி அனுப்பியது:
“இருக்கை இருந்தால் போதாதா எனக்கு?”
ஒரு க், அதன் தலையில் ஒரு புள்ளி.
ஒற்று என்கிறோம் அந்த எழுத்தை.
விரலால் மெல்ல அழுத்துவதும் ஒற்றுதல்தான்,
அடுத்த வீட்டுக்குள் வேவு பார்க்கப் போவதும்.

அவள் பதில் உடனே வந்தது:
“போதுமெண்டால் பிறகேன் அழுறாய்? இரு.”

வியாழன் மாலை மருத்துவத்துக்குக் கையெழுத்திட்டேன்.
வீரமாக ஒன்றுமில்லை, பயந்துதான்.
உள்ளே போய்விட்டால் கதவை அங்கிருந்து திறந்துவிடலாம் என்று
உள்ளே போன எல்லோருமே நினைத்திருப்பார்கள்.
ஏபிஷருக்கும் நாலு வரி எழுதினேன்.
அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் அளந்துகொண்டிருந்திருப்பார்.

குளியலறையில் கைகளைப் பின்னால் வளைத்து
என் நான்காம் எலும்பைத் தேடினேன்.
இடக்கை ஓரிடம் சொன்னது, வலக்கை சற்றுக் கீழே.

இப்போதெல்லாம் இரு என்று தொடங்கினாலே
கைபேசி முந்திக்கொண்டு இருக்கை என்கிறது.
ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டு
இடைவெளி விட்டு எழுதுகிறேன்.